மீசையும் மாஸ்கும்

நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் வீட்டில் யாரும் ஆபத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்டார்கள். பயிற்சிக் கட்டணத்தைச் சொன்னேன். ஆனால் உண்மையான செலவு பயிற்சி முடிந்து அட்டை கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. மாஸ்க், ஃபின்ஸ், வெட் சூட், பி.சி.டி., ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நிற்கும். பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. நல்ல சரக்காகப் பார்த்து எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கினால் ஒரு பைக்கின் விலை போய்விடும்.

நான் கற்றது புதுச்சேரியில். முதலில் நீச்சல் குளம், அப்புறம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகில் கடல். என்னோடு பெங்களூரிலிருந்து வந்த ஓர் ஐ.டி. பையனும் சேர்ந்திருந்தான். குளத்தில் இறங்கும் முன்பே அவன் மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் இருந்தது. திசைகாட்டி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை வயரில்லாமல் காட்டும் வசதி, எல்லாம் உண்டு. இரண்டரை மீட்டர் ஆழக் குளத்தில் அது அடிக்கடி பீப் அடித்தது. முகத்தில் போட்டிருந்ததோ வாடகை மாஸ்க். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து தண்ணீரைக் கொட்டினான்.

பயிற்சியாளர் மீனவக் குடும்பத்துப் பையன், முப்பது வயது இருக்கும். குளத்தங்கரையில் அவர் சொன்னது இது: "சார், கடையில முதல்ல ரெகுலேட்டரைத்தான் காட்டுவாங்க. நீங்க முதல்ல மூஞ்சிக்கு வாங்குங்க, அப்புறம் காலுக்கு வாங்குங்க. நடுவுல மாட்டறதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்." நான் இன்றுவரை இந்த வரிசைப்படிதான் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு சாமானில் மட்டும் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மாஸ்க் என்றால் நீச்சல் கண்ணாடி போல ஏதோ ஒன்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீச்சல் கண்ணாடி கண்ணை மட்டும் மூடும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும். விஷயமே அந்த மூக்கில்தான் இருக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் மேலே இருந்ததைப்போல அழுத்தம் இரண்டு மடங்கு. கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். மூக்கு உள்ளே இருந்தால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை ஊதி ஈடுகட்டிவிடலாம். மூக்கு வெளியே இருந்தால் அந்த இடத்தை நிரப்பக் கண்ணும் அதைச் சுற்றிய சதையும்தான் இழுபடும். விழி வெண்மையில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எங்கள் ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாதாரண நீச்சல் கண்ணாடியோடு இறங்குவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலை ஆழமில்லாத பாறைத் திட்டுகளில், மூச்சடக்கி. அதே கண்ணாடியோடு 18 மீட்டருக்குப் போக முடியாது. முதல்நிலை அட்டை வாங்கியவர்களுக்கு அந்த 18 மீட்டர்தான் எல்லை.

இன்னொரு சாமானும் இப்போது கடற்கரைக் கடைகளில் தொங்குகிறது. நெற்றியிலிருந்து தாடைவரை முழு முகத்தையும் மூடி, உச்சியில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் மாஸ்க். நீர்மட்டத்தில் மிதந்துகொண்டு மீன் பார்க்க அது சரி. ஸ்கூபாவுக்கு உதவாது. ரெகுலேட்டரை வாயில் கவ்வ வழியில்லை. காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதவும் முடியாது. விலையைக் கேட்டு மயங்குபவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

மாஸ்க் தேர்ந்தெடுக்கும் முறை கேட்க எளிமையாக இருக்கும். வாரை முன்பக்கம் தூக்கிவிட்டுவிட்டு, மாஸ்கை முகத்தில் பொருத்தி, மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்துக் கையை எடுக்க வேண்டும். அப்படியே ஒட்டி நின்றால் அது நம்முடையது. விழுந்தால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். வாரை இறுக்கினால் சரியாகிவிடும் என்று கடையில் யாராவது சொன்னால் நம்பக் கூடாது. அளவுக்கு மேல் இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடிந்து இன்னும் கூடுதலாகத்தான் ஒழுகும்.

சென்னைக் கடையில் எனக்கு எடுத்துப் போட்டதெல்லாம் விழுந்தது. விற்பனைப் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் முகத்தைச் சற்றுத் தயக்கத்தோடு பார்த்து, "சார்... மீசை" என்றார்.

மூக்குக்குக் கீழே சிலிக்கான் படியும் அந்த ஒரு விரல்கடை இடம்தான் மாஸ்குக்கு உயிர்நிலை. அங்கே முடி இருந்தால் ஒவ்வொரு முடிக்கும் பக்கத்தில் நூலளவு சந்து. தண்ணீருக்கு அது போதும். மீசைக்காரர்கள் நிறைந்த நாட்டில் இதைப் பற்றி எந்தக் கடைப் பலகையிலும் ஒரு வரி இல்லை. புதுச்சேரிக்குப் போன் போட்டேன். "எடுத்துடுங்க சார், ஒரு வாரத்துல வளந்துடும்" என்றார் பயிற்சியாளர். அவருக்கு மீசை அரும்பளவுதான். எனக்கு அப்படியில்லை. மீசையை மழித்துவிட்டு ஊருக்குப் போனால் அப்பா தவறிவிட்டார் என்று தெருவே விசாரிக்க வந்துவிடும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரிடமே வந்து கேட்டாலும் கேட்பார்கள்.

வழி இருந்தது. மீசை முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. மூக்கின் அடியில் ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்தால் சிலிக்கான் படிய இடம் கிடைத்துவிடும்; தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மிச்சமிருக்கும் கசிவுக்குச் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். அதற்கு மேலும் கசிந்தால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. மாஸ்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பவற்றில் அதுவும் ஒன்று. மீசைக்காரனுக்கு அதில் நல்ல பயிற்சி வந்துவிடுகிறது, வேறு வழியில்லை.

மீசையோடு முடிந்ததா? கண்ணாடியும் போடுகிறவன் நான். கண்ணாடியின் காதுக் கம்பியை வைத்துக்கொண்டு மாஸ்க் போட முடியாது. இதற்காகவே சில மாஸ்குகள் இரண்டு தனித்தனிக் கண்ணாடியாக வருகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டுப் பவர் உள்ள கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே அகலக் கண்ணாடியாக இருக்கும் மாஸ்க் பார்க்க அழகு, ஆனால் இந்த வசதி கிடையாது. தயாராகக் கிடைக்கும் பவர் கண்ணாடிகள் அரை அரையாகத்தான் ஏறும்: மைனஸ் 4, மைனஸ் 4.5, மைனஸ் 5 என்று. என் கண் நடுவில் எங்கோ நிற்கிறது. குறைந்ததையே எடுக்கச் சொன்னார்கள். தண்ணீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு பக்கத்திலும் தெரியும் என்பதால் கொஞ்சம் குறைந்த பவர் போதும். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது, வெள்ளெழுத்து. தூரத்துப் பவர் முழுசாக இருந்தால் கையில் இருக்கும் கேஜில் எண் மங்கும். சிலிண்டரில் எத்தனை பார் காற்று மிச்சம் என்பதைக் கையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிப்பது நல்ல விளையாட்டல்ல.

சிலிக்கான் கறுப்பா, வெள்ளையா என்பது பெரிய விவாதமாக நடக்கும். வெள்ளையில் பக்கத்து வெளிச்சம் உள்ளே வரும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுவது போல் உணர்கிறவர்களுக்கு அது ஆறுதல். கறுப்பில் கண்கூச்சம் குறைவு. படம் எடுப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். வெள்ளை வருஷம் போகப் போகப் பழுப்பேறும், கறுப்பு ரப்பரோடு ஒரே பையில் கிடந்தால் சாயமும் பிடிக்கும். நான் கறுப்பு எடுத்தேன்.

வாங்கியதும் ஒரு வேலை. புது மாஸ்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய சிலிக்கான் ஏடு இருக்கும். அது இருக்கும்வரை என்ன செய்தாலும் ஆவி படியும். ஜெல் இல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் பிதுக்கி, கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் விரல் வழுக்கும். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி விரலைப் பிடிக்க ஆரம்பித்து, கழுவிப் பார்த்தால் கிரீச்சென்று சத்தம் வரும். அதுவரை விடக் கூடாது. நான் பாத்ரூமில் இதைச் செய்துகொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "பல்லை விட்டுட்டு எதை விளக்கறீங்க?" என்றாள். இத்தனையும் செய்த பிறகு, ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் உள்ளே எச்சில் துப்பித் தடவி அலச வேண்டும். அதற்கென்று புட்டியில் திரவம் விற்கிறார்கள். எச்சிலே போதும்.

காலுக்கு வருவோம். ஃபின்ஸில் இரண்டு சாதி. ஒன்று, ஷூ போல முழுக் காலையும் நுழைத்துக்கொள்வது. இன்னொன்று, பின்பக்கம் திறந்து வாரால் பிடித்துக்கொள்வது. அதற்குள் நியோப்ரீன் பூட்ஸ் போட்டாக வேண்டும். புதுச்சேரி மாதிரிப் படகிலிருந்து மல்லாக்க விழுந்து இறங்குகிற இடத்தில் முதல் வகையே போதும், விலையும் குறைவு, பையில் இடமும் குறைவு. பிறகு அந்தமானில், இன்று ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக்கில், கரையிலிருந்து நடந்து இறங்கும்போது இரண்டாவது வகையின் அருமை தெரிந்தது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் உடைந்த பவளக் கற்கள் மேல், முதுகில் சிலிண்டரோடு, வெறுங்காலில் நடப்பவரைப் பார்த்தால் தீ மிதிப்பவர் எவ்வளவோ தேவலை. எந்தக் கடலில் இறங்கப் போகிறோம் என்று தெரியாமல் ஃபின்ஸ் வாங்கப் போகக் கூடாது. ஐரோப்பாவில் வார்க்கும் ஃபின்ஸ்களில் சில குறுகலான பாதத்துக்கானவை. செருப்பிலேயே வளர்ந்த நம் கால்களுக்கு முன்பக்கம் அகலம். நம்பரைச் சொல்லி வாங்காமல், பூட்ஸோடு போட்டுக் கடையிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் எந்த விரல் நசுங்குகிறது என்று தெரியும்.

இளைஞர்கள் நீளமான, விறைப்பான ஃபின்ஸைத்தான் கையில் எடுக்கிறார்கள். அது உந்துவதற்குத் தொடையில் வலு வேண்டும், இல்லாவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஸ்கூபாவில் அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் எதுவுமில்லை. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி ஏறுவதுண்டு; அவர்களுக்கு வேகம் தேவை. தோளில் காற்றைச் சுமந்துகொண்டு போகிறவன் அடித்துப் பிடித்துக் காலை உதைத்தால் காற்றுதான் சீக்கிரம் தீரும்.

வெட் சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும் என்பதால் 28, 29 டிகிரிக் கடலிலும் முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் வரும். நம் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் தாராளம். உடம்போடு ஒட்ட வேண்டும். தொளதொளவென்றிருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து வெளியேறிப் பிரயோஜனம் இல்லை. ஆயத்த அளவுகள் எதிலும் என் வயிறு அடங்கவில்லை. நான் இன்னும் வாடகைதான். வாடகை சூட்டுக்குள் யார் யார் என்னென்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்காமல் போட்டுக்கொள்கிறேன்.

பயிற்சியாளரோடு நான் வேறுபடும் இடம் கம்ப்யூட்டர். "நான் கூடவே வரேன், என் கையில இருக்கு, உங்களுக்கு எதுக்கு சார்?" என்பார் அவர். ஆனால் அவர் போன ஆழமும் நான் போன ஆழமும் ஒன்றல்ல. ஒரு மீனைப் பார்க்க நான் மூன்று மீட்டர் கீழே போயிருப்பேன். உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது, அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும் வேகம் சரியா என்பதெல்லாம் அவரவர் போன பாதையைப் பொறுத்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இறங்கும்போது காலைக் கணக்கும் மதியத்தோடு சேரும். அந்தக் கணக்கு என் கையில்தான் இருக்க வேண்டும். ஆகவே காலுக்கு அடுத்து நான் வாங்கியது கம்ப்யூட்டர். இருப்பதிலேயே எளிமையானது, ஆனால் எண்கள் பெரிதாகத் தெரிவது. கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதில் ஆழமும் நேரமும் படிக்க முடிகிறது என்று பார்த்துத்தான் எடுத்தேன். திசைகாட்டி இல்லை. வண்ணத் திரை இல்லை. பேட்டரி தீர்ந்தால் நானே மாற்றிக்கொள்ளலாம். தீவில் இருக்கும்போது அந்த வசதியின் அருமை தெரியும்.

கடைசியில் எல்லோருக்கும் கண் போகிற ரெகுலேட்டரும் பி.சி.டி.யும். பி.சி.டி. என்பது காற்று நிரப்பி மிதக்கவும், விட்டு இறங்கவும் உதவும் சட்டை. ரெகுலேட்டர் சிலிண்டருக்குள் 200 பாரில் அடைத்த காற்றை இரண்டு கட்டமாக இறக்கி, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாக, கேட்கும்போது மட்டும் வாயில் கொடுக்கும். கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் பிரான்ஸில் உருவாக்கியது அந்த 'கேட்டால் கொடுக்கும்' ஏற்பாட்டைத்தான். இன்று பெயர் சொல்லக்கூடிய எந்தக் கம்பெனியின் ரெகுலேட்டரும் 18 மீட்டரில் நன்றாகவே மூச்சுக் கொடுக்கும். குளிர்ந்த ஏரியில் உறையாமல் இருக்க அடைப்பு வைத்த மாடலைக் கடையில் எனக்கும் காட்டினார்கள். மணலும் உப்பும் உள்ளே போகாது என்ற வகையில் அதிலும் நன்மை உண்டுதான். ஆனால் அந்தமான் கடலில் எது உறையப் போகிறது?

நான் வாங்காததற்கு விலை மட்டும் காரணமல்ல. ரெகுலேட்டரைக் கம்பெனி சொல்லும் இடைவெளியில் பிரித்து, ஓ-ரிங் மாற்றி, சர்வீஸ் செய்ய வேண்டும். அந்த மாடலுக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அந்தக் கம்பெனியின் உதிரிபாகம் வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்ட இடங்கள் சொற்பம். வருடத்துக்கு ஒரு விடுமுறையில் இறங்கிவிட்டு, மிச்ச நாள் அலமாரியில் வைத்தால் உள்ளே ஒரு துளி உப்புத் தண்ணீர் காய்ந்து படிகமாக நிற்கும். தினமும் கடலுக்குப் போய், தினமும் கழுவி, குறித்த காலத்தில் சர்வீஸ் ஆகும் வாடகை ரெகுலேட்டர் அதைவிட நம்பகமானது. விமானக் கணக்கும் இருக்கிறது. முழு செட்டும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ. உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். மிச்சத்தில் வேட்டி சட்டை வைக்கவா, வீட்டுக்கு வாங்கும் சாமானை வைக்கவா?

வாடகைக்கு எடுப்பது என்றால் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்வதல்ல. சிலிண்டரைத் திறந்ததும் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து முறை ஆழமாக மூச்சு விடுவேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே விழுந்து ஏறினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று பொருள். காற்றுக்கு ருசியோ வாசனையோ இருக்கக் கூடாது. எண்ணெய் வாசம் வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். வாயில் கவ்வும் ரப்பரைப் பற்களால் லேசாக இழுத்துப் பார்ப்பேன், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கட்டு அறுந்திருந்தால் தண்ணீருக்கடியில் ரப்பர் மட்டும் வாயில் நிற்கும். கூட்டாளிக்குக் கொடுக்க வைத்திருக்கும் மஞ்சள் ரெகுலேட்டரிலும் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். யாரும் பயன்படுத்தாததால் பல இடங்களில் அதுதான் மோசமாக இருக்கும். அடுத்து பி.சி.டி.யில் காற்று ஏற்றும் பொத்தானை அழுத்தி விட்டுப் பார்த்து, விட்ட பிறகும் ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனிப்பேன். ஒருமுறை அப்படி ஏறியது. படகில் இருந்த பையன் சிரித்துக்கொண்டே வேறு கொடுத்தான். அது தண்ணீருக்கடியில் நடந்திருந்தால் என்னை நேரே மேலே தூக்கியிருக்கும்.

அக்கா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். போன மாதம் போன் செய்தான். "மாமா, ரெகுலேட்டர் தள்ளுபடியில போட்டிருக்கான். வாங்கட்டுமா?" அவன் மாதம் தவறாமல் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகிறவன். பஸ், படகு என்று போய்விடுவான்; விமானக் கிலோக் கணக்கு கிடையாது. எங்கே சர்வீஸ் பண்ணுவாய் என்று கேட்டேன். வாங்குகிற கடையிலேயே பண்ணித் தருவார்களாம். "அப்ப தாராளமா வாங்கு" என்றேன். சற்று ஏமாந்தான் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று நான் தடுப்பேன், வாதாடலாம் என்று தயாராக இருந்திருப்பான். சிலிண்டரோடு இணைக்கும் இடத்தில் மேலே கவ்வும் யோக் வேண்டுமா, திருகி இறுக்கும் டின் வேண்டுமா என்று அடுத்த கேள்வி. ஆசியப் பக்கம் பெரும்பாலும் யோக்தான் இருக்கும், ஐரோப்பாவுக்குப் போனால் டின் நிறையப் பார்க்கலாம். டின் வாங்கி, கூடவே ஒரு யோக் அடாப்டர் சேர்த்து வாங்கினால் இரண்டு பக்கமும் ஓடும் என்றேன்.

"அடாப்டர் விலை தள்ளுபடியில சேராதாம் மாமா."

"பரவாயில்லை, வாங்கு. ரசீதைத் தூக்கிப் போட்டுடாதே, சர்வீஸுக்குப் போகும்போது கேப்பாங்க."